அக்கரைத் தண்டவாளம்

பாதைக்கு இஞ்சின் ஓட்ட நான் வந்து சேர்ந்தது ஆவணி மாதத்துச் செவ்வாய்க்கிழமை ஒன்றில். காலை எட்டு மணிக்கே வாவியின் மேல் கண் வைக்க முடியவில்லை. இரண்டு மாதமாக அடித்த கச்சான் காற்று ஓய்ந்திருந்தது. அது ஓய்ந்த பிறகு வரும் வெக்கை காற்றைவிடக் கொடுமையானது. தண்ணீர் அசையவில்லை. கண்டல் வேர்களுக்கிடையில் சேறு வெடித்துக் கிடந்தது. செத்த மீனும் மண்ணெண்ணெயும் சேர்ந்த ஒரு மணம் துறையெங்கும் தேங்கி நின்றது.

இரண்டு தோணிகளைச் சேர்த்து மேலே பலகை அடித்த மிதக்கும் மேடைக்குத்தான் எங்கள் பக்கத்தில் பாதை என்று பேர். ஆட்களும் மோட்டார் சைக்கிள்களும் அதில் ஏறி, வாவிக்குக் கிழக்கே எழுவான்கரையிலிருந்து மேற்கே படுவான்கரைக்குப் போய்வருவார்கள். வவுணதீவுப் பாலத்தால் சுற்றினால் ஒரு மணித்தியாலத்துக்கு மேல். பாதையால் கால் மணித்தியாலம்.

துறையில் ஒரு கரும்பலகை இருந்தது. கயிறு பிடிக்கும் நல்லரத்தினம் அண்ணன் வானொலியில் கேட்ட வானிலை அறிவித்தலை ஒவ்வொரு காலையும் அதில் எழுதுவார். அன்றைக்கும் எழுதிக்கொண்டிருந்தார்.

'கிழக்கு மாகாணம். புதன், வியாழன், வெள்ளி பி.ப. 2.00க்குப் பிறகு இடியுடன் கூடிய மழை. சனி முதல் வெப்பம் மீண்டும் கூடும். மின்னலில் கவனம்.'

"இதெல்லாம் சரியா வருமா அண்ணே?"

"மழை பிழைக்கும். இடி பிழைக்காது."

சோக்கட்டியை வைத்துவிட்டுக் கையைச் சாரத்தில் துடைத்தார். அறுபது வயதிருக்கும். போன வருடம்வரை இஞ்சின் ஓட்டியவர் அவர்தான் என்று சொல்லியிருந்தார்கள். ஏன் விட்டார் என்று ஒருவரும் சொல்லவில்லை.

"இன்னொண்டு தம்பி. அக்கரை மருதமரத்தில ஒரு தண்டவாளத் துண்டு தொங்குது. ஆக்கள் நிண்டா அங்க கிடக்கிற கம்பியால ரெண்டு அடி அடிப்பாங்க. வெயிலுக்க அடிச்சா போ. மழைக்குணம் வந்தாப் பிறகு அடிச்சா போகாத."

"ஏன்?"

"அது ஆளில்ல."

பெற்றோல் எவ்வளவு இருக்கிறது என்று சொல்லும் குரலில்தான் சொன்னார். நான் சிரித்தேன். பதினொரு வருடம் கட்டாரில் லொறி ஓடியவன். அதற்கு முன்பு, சிறுவனாக, இதே வாவியை ஷெல் சத்தத்துக்குள் கடந்தவன். பயப்படுவதற்கென்று எனக்குக் கொடுத்திருந்த அளவு எப்போதோ தீர்ந்துவிட்டதாக நினைத்திருந்தேன்.

துறையோரத் தேநீர்க் கடைக்காரி சிரிக்கவில்லை. எனக்கு முன்னால் தேநீரை வைத்துவிட்டு, கிளாசைச் சுற்றிச் சிந்தியிருந்த துளிகளை மிக மெதுவாகத் துடைத்தாள். டவுனில் இருக்கும் பறங்கிக் குடும்பங்களில் ஒன்றைச் சேர்ந்தவள். பேர்னிஸ் என்று பேர்.

புதன்கிழமை பிற்பகல் இரண்டு மணிக்கு மேற்கே வானம் நீலம் பாரித்தது.

மேகம் அக்கரை வயல்களின் மேல் எழுந்து, நின்று, எங்கள் பக்கம் சாயத் தொடங்கியது. கொக்குகள் தாழப் பறந்து கண்டலுக்குள் ஒதுங்கின. நல்லரத்தினம் அண்ணன் பாதையை இரண்டு கயிற்றால் கட்டிவிட்டுக் கடைக்குள் வந்து, வாவிக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தார். முதல் இடி உருண்டது.

அது அடங்கிய அமைதிக்குள் கேட்டது.

டங். டங்.

நான் எழுந்தேன். யாரும் அசையவில்லை.

டங். டங்.

இரும்பு. தெளிவாக, பொறுமையாக, ஒரே இடைவெளியில். மழை இறங்கி அக்கரையை மறைத்தது. அதற்குப் பிறகும் மழைக்குள்ளிருந்து அந்தச் சத்தம் வந்துகொண்டே இருந்தது. பேர்னிஸ் தேநீரை ஆற்றிக்கொண்டிருந்தாள். அடி விழும் ஒவ்வொரு முறையும் அவளுடைய கை ஒரு கணம் நிற்கும். பிறகு தொடரும்.

ஒரு மணித்தியாலத்துக்குப் பிறகு மழை விட்டது. சத்தமும் விட்டது. வெயில் அடித்தபோது அக்கரையில் மரம் மட்டும் நின்றது.

"ஆர் அது?" என்றேன்.

நல்லரத்தினம் அண்ணன் கயிற்றை அவிழ்க்கப் போனார்.

"என்ர மனிசன்," என்றாள் பேர்னிஸ்.

அவளுடைய கணவர் வேர்னன் பாஸ் என்றால் படுவான்கரை முழுக்கத் தெரியும். வெட்டுமெசின், உழவு இயந்திரம் எது பழுதானாலும் அவரைத்தான் கூப்பிடுவார்கள். அந்தத் தண்டவாளத் துண்டைக் கொண்டுவந்து மருதமரத்தில் தொங்கவிட்டவரே அவர்தான். போன ஆவணியில், இதே மாதிரி ஒரு பிற்பகல், அதை அடித்துக்கொண்டு நின்றபோது மின்னல் விழுந்தது.

"பயமா இல்லியா அக்கா, ஒவ்வொரு முறையும் கேட்டுக்கொண்டு இரிக்க?"

"அவர் கூப்பிர்ற என்னை இல்ல தம்பி," என்றாள். "பாதையை."

வியாழக்கிழமையும் அதே நேரம், அதே மேகம், அதே இரண்டு அடி. நான் கடையின் விளிம்பில் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். பயத்தைவிடக் கோபம்தான் அதிகம் வந்தது.

"உண்மையா ஒரு ஆள் நிண்டா என்ன செய்வீங்க அண்ணே?"

"மழைக்குணத்தில ஒருத்தரும் துறைக்கு வரமாட்டாங்க. எல்லாருக்கும் தெரியும்."

"தெரியாத ஆள் வந்தா?"

பதில் கடையின் மூலையிலிருந்து வந்தது. அங்கே நின்ற பாறூக், படுவான்கரைக்குத் துணி கொண்டுபோய் விற்பவன், மழைக்காக ஒதுங்கியிருந்தான்.

"வந்த எண்டு சொல்லுங்களன் காக்கா. மாடு வாங்கப் போன சாலிஹ் நானா. போன ஐப்பசி. காய்ச்சலோட நிண்டு ரெண்டு மணித்தியாலம் அடிச்சவர். இஞ்ச இருந்து எல்லாரும் தேத்தண்ணி குடிச்சுக்கொண்டு கேட்டிங்க."

"அவர் பிழைச்சிட்டார்தானே," என்றார் நல்லரத்தினம் அண்ணன்.

"பிழைச்சார். இந்தப் பக்கம் இனித் தலை வச்சும் படுக்க மாட்டாராம்."

அன்று வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் அதையே நினைத்தேன். செத்தவர் ஒருவருக்குப் பயந்து, உயிரோடு இருப்பவர்களின் சத்தத்தையும் சேர்த்துக் கேட்காமல் விடப் பழகிவிட்டோம். அவர் அடித்துக்கொண்டிருந்தது ஒரு வருடம். நாங்கள் செவிடாய் இருந்ததும் அதே ஒரு வருடம்.

வெள்ளிக்கிழமை காலை மருத்துவமாது விதுர்ஷா மோட்டார் சைக்கிளோடு ஏறினாள். தடுப்பூசிப் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு கரும்பலகையை வாசித்தாள். வேலைக்கு வந்து மூன்று கிழமைதான். கொக்கட்டிச்சோலைக்கு அங்கால் ஏதோ ஒரு கிராமத்தில் கிளினிக்.

"ஒண்டரைக்குத் துறையில நிப்பன் அண்ணா. விட்டிட்டுப் போயிராதீங்க."

"நிண்டா கொண்டுவாறன் மிஸ்."

ஒன்றரைக்குப் போனேன். அக்கரையில் அவள் இல்லை. பத்து நிமிடம் காத்திருந்தேன். மேற்கே வானம் கறுத்து, தண்ணீர் ஈயம் போலானது. நல்லரத்தினம் அண்ணன் என் தோளைத் தொட்டார்.

"பாலத்தால போயிருப்பா. பாதையைக் கிறுக்கு தம்பி. இடி வருது."

திருப்பினேன். அதைச் சொல்லாமல் விட்டால் இந்தக் கதை பொய்யாகிவிடும். அவர் சொன்னதும் நானும் திருப்பினேன்.

இரண்டரைக்கு இருண்டது. பகல்தான். ஆனால் பேர்னிஸ் கடைக்குள் விளக்குப் போட்டாள், அதுவும் உடனே அணைந்தது. கரண்ட் போயிருந்தது. காலையில் விதுர்ஷா தந்திருந்த நம்பரை அழுத்தினேன். தொடர்பு இல்லை. முதல் இடி துறைப் பலகைகளை அதிர வைத்தது.

டங். டங்.

"அவவா இருக்கும்," என்றேன்.

"இல்ல."

"எப்பிடித் தெரியும்?"

"எனக்குத் தெரியும்!" நல்லரத்தினம் அண்ணன் கத்தினார். நான்கு நாளாக அவருடைய குரல் அப்படி உயர்ந்து நான் கேட்டதில்லை. "அந்த அடி எனக்குத் தெரியும். அப்பிடி அடிக்கச் சொன்னதே நான்தான்."

டங். டங்.

அவர் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார். பெரிய மழையில் கரை தெரியாது. அப்போது அக்கரையில் நிற்கும் ஆளை அடித்துக்கொண்டே இருக்கச் சொல்வார்கள். சத்தம் வரும் திசையைப் பிடித்துப் பாதையைக் கொண்டுபோவார்கள். அது இந்தத் துறையின் வழக்கம். அன்று வேர்னன் பாஸ் போன் எடுத்தபோது அவரும் அதைத்தான் சொன்னார். "அடிச்சுக்கொண்டே இரிங்க பாஸ், நிப்பாட்டாதீங்க, வாறன்."

"பாதி தூரம் போன," என்றார். "மின்னல் வாவியில விழுந்திச்சு. பயந்து கிறுகிட்டன். அவர் அடிச்சுக்கொண்டே நிண்டார். நான் வாறன் எண்டு நம்பி, அந்த இரும்ப விடாம."

நான் பேர்னிஸைப் பார்த்தேன். அவள் இதை முதன்முறையாகக் கேட்கவில்லை என்று முகத்தில் தெரிந்தது. ஒரு வருடமாக அவருக்குத் தினமும் தேநீர் ஊற்றியவள். அவள் குடையை எடுத்தாள். பிறகு அதன் கம்பியைப் பார்த்துவிட்டு, வைத்துவிட்டாள்.

"வாங்க தம்பி போவம்."

"நீங்களா? வேண்டாம் அக்கா."

"அது அந்தப் புள்ளையா இருந்தா இரும்ப விடச் சொல்லோணும். வேர்னனா இருந்தாலும் அதைத்தான் சொல்லோணும். ஆர் எண்டு இஞ்ச இருந்து பறைஞ்சுகொண்டு இரிக்க என்னால ஒண்ணா. என்ர மனிசனுக்கு நானே பயந்தா, மறுகா இந்தக் கடையில இருந்து என்ன செய்ற?"

நல்லரத்தினம் அண்ணன் வழியை மறிக்கவில்லை. கூட வரவும் இல்லை. கயிற்றை அவிழ்த்துவிட்டார்.

வாவியின் நடுவில் மழை எங்களைப் பிடித்தது.

அக்கரை போனது. பின்னால் எழுவான்கரையும் போனது. மேலும் கீழும் ஒரே சாம்பல். மின்னல் வெட்டும்போது மட்டும் தண்ணீர் வெள்ளையாகி, ஒவ்வொரு துளியும் நின்ற இடத்தில் தெரியும். பல்லுக்கிடையில் செம்பை வைத்தது போல ஒரு சுவை. பேர்னிஸ் பலகையில் குந்தியிருந்து சிலுவை போட்டுக்கொண்டாள்.

திசை தவறிவிட்டது என்று புரிந்தது. இஞ்சினைத் தணித்தேன்.

டங். டங்.

இடப்பக்கம். திருப்பினேன். சத்தம் நேர் முன்னால் வந்தது. செத்துப்போன ஒருவருடைய அடியைப் பிடித்துக்கொண்டுதான் நான் கரையைக் கண்டேன்.

பாதை சேற்றில் முட்டியது. மருதமரம் தெரிந்தது. தண்டவாளத் துண்டு ஆடிக்கொண்டிருந்தது.

மரத்தடியில் யாரும் இல்லை.

விதுர்ஷா ஐம்பது அடி தள்ளி, இடிந்த தரிப்பிடத்தின் சுவரோடு ஒடுங்கிக் குந்தியிருந்தாள். பெட்டியை நெஞ்சோடு அணைத்திருந்தாள். மோட்டார் சைக்கிள் வழியில் பஞ்சராகி, தள்ளிக்கொண்டு வந்தாளாம். உதடு நீலமாக இருந்தது.

"நீங்க அடிச்சதா மிஸ்?"

இல்லை என்று தலையை ஆட்டினாள். "இடி நேரத்தில இரும்பத் தொடக்கூடாதெண்டு எனக்குத் தெரியாதா அண்ணா? அந்த ஐயாதான் அடிச்சவர்."

"எந்த ஐயா?"

"மரத்துக்குக் கீழ. நீலச் சேட்டு." அவளுடைய குரல் சிறுத்தது. "முதல்ல பேசாம அடிச்சவர். மறுகா என்னைப் பார்த்தார். கை நோகுது மகள், பாதை வாற வரைக்கும் நீங்க கொஞ்சம் அடிங்க எண்டார். அவ்வளவு அன்பாக் கேட்டார். நான் எழும்பி நாலு அடி நடந்தும் போயிற்றன். உங்கட இஞ்சின் சத்தம் கேட்டுத்தான் நிண்ட."

மழைக்குள் எனக்கு வியர்த்தது.

டங். டங்.

எங்கள் மூன்று பேரின் கண் முன்னால். கம்பி தானாக எழுந்து, இரும்பில் விழுந்தது. மரத்தடி முழுக்க வெள்ளம் ஓடியது. ஆனால் தண்டவாளத்துக்குக் கீழே ஓரிடத்தில் மண் காய்ந்து கிடந்தது. இரண்டு பாதம் அளவு. அதன் மேல் மழை விழவில்லை.

பேர்னிஸ் நேராக நடந்து போனாள். தடுக்க நான் ஓடினேன். அவள் அந்தக் காய்ந்த இடத்துக்கு முன்னால் நின்று, இடுப்பில் கை வைத்தாள். கடையில் கடன் சொல்லிவிட்டு நழுவுபவனை மறிப்பது போலத்தான் நின்றாள்.

"வேர்னன். இஞ்ச பாருங்க. பாதை வந்திற்று."

கம்பி பாதி உயரத்தில் நின்றது.

"ஒரு வருசம் பிந்தித்தான். ஆனா வந்திற்று. இனிக் காணும். ஊரான் வீட்டுப் புள்ளையிட கையில அதைக் குடுக்கப் பாக்கிறீங்களா? வெக்கமா இல்லியா உங்களுக்கு?"

கம்பி கீழே விழுந்தது. இடி முழங்கிக்கொண்டே இருந்தது. ஆனால் அந்த மரத்தடியில் ஒரு பெரிய அமைதி. யாரோ நீண்ட நேரம் பிடித்திருந்த மூச்சை விட்டது போல.

இனி யோசிக்க நேரமில்லை. அந்த இரும்பு அங்கே தொங்கும்வரை ஒருவர் அடிப்பார், இன்னொருவர் செத்துப்போவார். நான் கொழுக்கியைக் கழற்றி இரண்டு கையாலும் தண்டவாளத் துண்டை இறக்கினேன். உடனே கத்தினேன். மழையில் நனைந்து கிடந்த இரும்பு நண்பகல் வெயிலில் கிடந்தது போலக் கொதித்தது. துளிகள் அதன் மேல் விழுந்து சீறின. உள்ளங்கை தீய்ந்தது. விடவில்லை. பற்களைக் கடித்துக்கொண்டு பாதைவரை தூக்கி வந்து பலகையில் போட்டேன்.

"நீங்களும் வாறதெண்டா ஏறுங்க பாஸ்!" மரத்தைப் பார்த்துக் கத்தினேன். எங்கிருந்து அந்தத் துணிச்சல் வந்தது என்று தெரியாது. "இரும்பை விட்டிட்டு வாங்க. ஆள் எண்டா ஆளாப் பாதையில ஏறுங்க. இன்னொருத்தரை உங்கட இடத்தில நிப்பாட்ட நான் விடமாட்டன்."

விதுர்ஷாவையும் மோட்டார் சைக்கிளையும் ஏற்றினேன். பேர்னிஸ் ஏறினாள். பாதையைக் கரையிலிருந்து தள்ளினேன்.

பாதை ஒரு பக்கம் சாய்ந்து, நிமிர்ந்தது.

யாரோ ஏறும்போது சாய்வது போல.

நடு வாவியில் தண்டவாளத் துண்டை உருட்டித் தண்ணீருக்குள் தள்ளினேன். நிமிர்ந்தபோது விதுர்ஷா பலகையைச் சுட்டிக்கொண்டிருந்தாள். பாதையின் விளிம்பு வேலியோரம், மழை கொட்டும் பலகையில், இரண்டு பாதத் தடங்கள். காய்ந்து, வெளிறி. அந்தப் பக்கத்திலிருந்து அடுப்படி வெக்கை போல ஒன்று என் கன்னத்தில் பட்டது. பேர்னிஸ் அதனருகில் போய் நின்றாள். கரை வரும்வரை நகரவில்லை.

சனிக்கிழமை, அறிவித்தலில் சொன்னபடியே, வெக்கை திரும்பி வந்தது. வானத்தில் ஒரு துண்டு மேகம் இல்லை. பத்து மணிக்குள் பாதையின் பலகைகள் காய்ந்து வெடித்தன.

அந்த இரண்டு பாதங்கள் மட்டும் ஈரமாக இருந்தன.

நல்லரத்தினம் அண்ணன் மண் அள்ளிப் போட்டார். மண் நனைந்தது. துடைத்தார். மீண்டும் ஊறியது. பிறகு அதற்குப் பக்கத்தில் பலகையில் உட்கார்ந்தார். அன்று பிற்பகல் எல்லாப் பயணத்துக்கும் அங்கேயே உட்கார்ந்து வந்தார். உதடு மட்டும் அசைந்தது. என்ன சொன்னார் என்று நான் கேட்கவில்லை. சிலதைக் கேட்கக் கூடாது.

மூன்று கிழமை அப்படியே போனது. ஏறுபவர்களிடம் நாங்கள் ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் எவ்வளவு நெரிசல் என்றாலும் அந்த இடத்தில் ஒருவரும் நிற்கவில்லை. பாறூக் மட்டும் ஒருநாள் குனிந்து பார்த்துவிட்டு, "இவருக்கு டிக்கட் எடுத்தா?" என்று கேட்டான். கேட்டுவிட்டு அவனே மறுபக்கம் போய் நின்றான்.

துறையின் வழக்கத்தை மாற்றினேன். காலையில் கொண்டுபோய்விடும் ஆட்களை எண்ணுவேன். அறிவித்தலில் இடி என்றிருந்தால் ஒரு மணிக்கே போய், எல்லோரும் வரும்வரை அக்கரையில் நிற்பேன். ஓராள் குறைந்தாலும் திரும்புவதில்லை. பைத்தியம் என்றார்கள். சொல்லட்டும்.

புரட்டாதி பிறந்து நான்காம் நாள் நல்லரத்தினம் அண்ணன் கரும்பலகையில் மறுபடியும் எழுதினார்: 'பி.ப. 2.00க்குப் பிறகு இடியுடன் கூடிய மழை.' அன்று ஆட்கள் குறைவு. போன ஐந்து பேரையும் ஒன்றரைக்குள் கொண்டுவந்துவிட்டேன். எண்ணிப் பார்த்தேன். ஐந்து. அக்கரையில் ஒருவரும் இல்லை.

கடைக்கு வந்து உட்கார்ந்தபோது பேர்னிஸ் என்னைத் தாண்டிப் பாதையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"தம்பி. பலகை காஞ்சிரிக்கி."

போய்ப் பார்த்தேன். காய்ந்திருந்தது. மூன்று கிழமையில் முதன்முறையாக, வேலியோரம் வெறும் பலகை.

மேற்கே வானம் நீலம் பாரித்தது. என் உள்ளங்கையில் ஆறிப்போன தழும்பு சுடத் தொடங்கியது. முதல் இடி உருண்டு அடங்கியது. நாங்கள் மூன்று பேரும் துறை விளிம்பில் நின்றோம்.

அக்கரையில் தண்டவாளம் இல்லை. அது வாவியின் அடியில் கிடக்கிறது. போட்டவன் நான்.

டங். டங்.

"எல்லாரும் வந்திற்றாங்கதானே?" நல்லரத்தினம் அண்ணனின் குரல் காற்றாக வந்தது. "அங்க இனி ஆர் நிக்கிற?"

தெரியாது என்றேன். கயிற்றை அவிழ்த்தேன். பேர்னிஸ் அதற்குள் ஏறியிருந்தாள். பாதை சாய்ந்து நிமிர்ந்தது. திரும்பிப் பார்த்தேன். ஒரு வருடத்துக்குப் பிறகு, இடி உருளும் நேரத்தில், நல்லரத்தினம் அண்ணன் பாதையில் நின்றுகொண்டிருந்தார். கண்ணை இறுக மூடியிருந்தார்.

மழை இறங்கி அக்கரையை மறைத்தது.

இஞ்சினை இழுத்தேன். யாராக இருந்தாலும் ஏற்றிவர, சத்தத்தைப் பிடித்துக்கொண்டு போனோம்.